ஏட்டில் நின்ற இருபத்துநான்கு டப்பா

நிலவு, தென்துருவம், சுரங்கக் குடியிருப்பு 4. சரக்கறை ஏடு. எழுதுவது தங்கபுஷ்பம்.

நாள் 212. காலை 09:00

வீணைக் குறைக்கும் 'லீன்' முறைக் கூட்டம். இருந்தவர்கள்: மேலாளர் இளம்பரிதி, காற்று எந்திரம் பார்க்கும் இஸ்ரவேல், துளைப்புக் குழுத் தலைவி பூமயில், மின்சாரம் பார்க்கும் என் வீட்டுக்காரர் துரைசிங், நான். மற்றப் பதினான்கு பேர் வேலையில்.

தேங்கிய சரக்கெல்லாம் வீண், அதை மேலாளரும் ஊழியரும் சேர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும் என்றார் இளம்பரிதி. யோசனையை மஞ்சள் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். வெள்ளிதோறும் படிப்பார். இடத்துக்கே போய்ப் பார்ப்பது முதல் விதி என்று திரையில் எழுதியிருந்தது. என் ஏட்டின் படத்தையும் திரையிலேயே பார்த்தார். கரியமில வாயுவை வடிகட்டும் டப்பா இருபத்துநான்கு உபரி. அடுத்த கப்பலில் வேண்டாம் என்றார். ஏடு சுத்தமாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார். கை தட்டினார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். கணக்கு நானாகப் படித்தது. அந்தக் கைதட்டல் இனித்தது. வாய் திறக்கவில்லை.

நாள் 212. மாலை 16:20

எங்கள் வீட்டில் உலை வைக்கும்போது கைப்பிடி அரிசியைக் கோவிலுக்கென்று தனியே போடுவோம். இங்கு வந்தும் அதை விடவில்லை. அறுபது நாளுக்கொரு கப்பல், இருபது டப்பா. அதில் நான்கை ஆண்டவருக்கென்று மேல்தட்டில் வைப்பேன். ஏட்டில் காணிக்கை என்று தனிப் பக்கம். தூசி மிகுந்து யாருக்காவது மூச்சு முட்டினால் மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். கொடுத்ததை எழுதுவதில்லை. காணிக்கை போட்டுவிட்டுச் செலவு எழுதுவார்களா? போன வருஷத்தையும் சேர்த்து இதுவரை ஆறு கப்பல். காணிக்கைப் பக்கத்தில் எழுதியிருப்பது இருபத்துநான்கு. தட்டு காலி.

சீட்டு எழுதி ஒட்டினேன்: "காணிக்கைப் பக்கம் இருப்பு அல்ல. வந்து பாருங்கள்."

மேலாளர் அறை பத்தடி தூரம். போய்ச் சொல்லியிருக்கலாம். சீட்டில் எழுதுவதுதான் விதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாள் 231. காலை 07:10

கப்பல் வந்தது. துளைமுனை எட்டுப் பெட்டி. டப்பா இல்லை. என் சீட்டு இன்னும் பலகையில், 'பரிசீலனை' என்ற கட்டத்தில்.

உள்தொடர்பில் இஸ்ரவேலும் நானும் பேசியது, பதிவில் உள்ளபடி:

"மைனி, டப்பா ஒண்ணுகூட வரலியே. மேல்தட்டுல இருக்கத எடுத்துத் தாங்க."

"அங்க ஒண்ணுமில்ல தம்பி."

"காலையிலேயே வெளையாட்டா? ஏட்டுல இருவத்துநாலு நிக்குது."

"மூச்சு முட்டுதுன்னு நீ வந்து நின்னப்பல்லாம் குடுத்தேம்லா, அதுதான் அது."

"எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா, மைனி?"

கையிருப்பு மூன்று. ஒன்று மூன்று நாள் வரும். பூமியிலிருந்து அவசரக் கப்பல் கேட்டாயிற்று; வரப் பதினான்கு நாள்.

நாள் 233. காலை 11:00

மேலாளர் முதல்முறையாகச் சரக்கறைக்கு வந்தார். மேல்தட்டைக் கையால் தடவிப் பார்த்தார். விரலில் ஒட்டிய தூசியையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒலிபெருக்கியில் அவர் சொன்னது: "எல்லாரும் ஒரே அறையில அசையாம படுங்க. பேச வேணாம். யோசனை இருந்தா சீட்டுல எழுதிப் போடுங்க."

நாள் 234. மாலை 18:40

விழுந்தது ஒரே ஒரு சீட்டு. "எழுதாதவளை முதலில் வெளியே அனுப்புங்கள்." பெயர் இல்லை. இருபத்தாறு வருஷம் மளிகைச் சீட்டில் பார்த்த கையெழுத்து.

கிழிக்கவில்லை. ஏட்டில் ஒட்டிவிட்டேன். இனி எதையும் விடாமல் எழுதுவேன்.

நாள் 237. நேரம் சரியாகத் தெரியவில்லை

கடைசி டப்பா எந்திரத்தில் ஏறிவிட்டது. நாள் நீள இஸ்ரவேல் எந்திரத்தைப் பாதி வேகத்தில் ஓட்டுகிறான். தலை பிளக்கிறது. ஜெபம் பாதியில் மறந்துபோகிறது. வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

நாள் 239

மலைக்கு அந்தப் பக்கம் உள்ள குடியிருப்பு 6-க்கு. நாள் 231-லிருந்து இது நான்காம் முறை அனுப்புகிறேன்; பதில் இல்லை. கப்பல் வரும்வரை தாங்க இரண்டு டப்பா போதும். உங்கள் வண்டி ஆறு மணி நேரத்தில் வந்துவிடும். பத்தொன்பது பேர் இருக்கிறோம். இல்லை. பூமயில் காலையில் எழவில்லை. பதினெட்டு.

ஏட்டைப் பார்த்துச் சொல்லாதீர்கள். யாராவது எழுந்து போய், தட்டில் கை வைத்துப் பாருங்கள். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.