இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை என்று சொன்னவன்

கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போயிருக்கும் என் வீட்டுக்காரிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. தியானம் கற்க ஆரம்பித்ததிலிருந்து பொய் சொல்ல வாய் வரவில்லை. அதுதான் வினையே.

நீ போனை எடுப்பதில்லை. வேலையாக இந்தப் பக்கம் வந்த மாப்பிள்ளை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். (மாப்பிள்ளை, படித்தது போதும், மடித்து வையுங்கள்.)

அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்தும் கேள். பௌத்த தியான வகுப்பில் எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். எந்த உணர்வு எழுந்தாலும் அது இன்பமா, துன்பமா, இரண்டும் இல்லாததா என்று பார்க்க வேண்டும். பார்த்தால் போதும், பின்னாலேயே ஓடக் கூடாது. எனக்கு இது கைவந்த கலை. நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு நாள் முழுக்க நான் கேட்பது என்ன? இது தெளிவா, அது தெளிவா, ரெண்டும் ஒண்ணா?

அந்த நேரம் பார்த்து நீ தலைவாரிக்கொண்டு எதிரில் வந்து நின்றாய். "என்னைப் பார்த்தா உங்களுக்கு என்னங்க தோணுது?" என்றாய். வேறு எந்தப் புருஷனும் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டுத் தப்பித்திருப்பான். நான் கண்ணை மூடி, உள்ளே நன்றாகப் பார்த்து, "இன்பமும் இல்ல, துன்பமும் இல்ல" என்றேன். சரியான விடை சொல்லிவிட்ட பெருமை வேறு. கண்ணைத் திறந்தால் நீ பரண்மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறாய்.

வகுப்பில் சொன்னேன். சொல்லிக்கொடுக்கும் பிக்குணி அம்மா இதுவரை சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. "பெண்டாட்டிகிட்டயேவா சொன்னீங்க?" என்று கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம், அந்த மூன்றாவது வகைதான் கண்ணுக்குச் சிக்காதது, அது இருப்பது தெரிந்தால் சுகம், தெரியாமல் போனால் அதுவே துக்கம், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்றார்.

வந்து பார்த்தேன். நீ வாளியை நகர்த்தும் சத்தமும் டிவிச் செய்தியோடு சண்டை போடும் சத்தமும் இன்பம் என்றோ துன்பம் என்றோ எனக்கு ஒருநாளும் பட்டதில்லை. இப்போது அந்தச் சத்தங்கள் இல்லை. நேற்று என் கண்ணாடியைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டேன். நெற்றியில்தான் இருந்தது. அடுப்படியிலிருந்து "நெத்தியில" என்று சொல்ல ஆளில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எந்த வகை என்று பார்க்கவே தோன்றவில்லை.

திரும்பி வரக் கூச்சமாக இருந்தால், வாஷிங் மெஷினை நிறுத்திவிட்டு வரப் போவதாகப் பெண்ணிடம் சொல். நிஜமாகவே எனக்கு நிறுத்தத் தெரியாமல் அது காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. இங்கே இருந்தால், நானும் நன்றாக இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்