பாவின் மேல் விழுந்த பூ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
4-5-1968

செங்கமலத்துக்குக் காசிநாதன் எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. கை ஒழியவில்லை, பதில் போடவில்லை.

இப்போதும் உன் மரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாசலில் நீ வைத்துவிட்டுப் போன பவழமல்லி இலையெல்லாம் கொட்டி, குச்சியாக நிற்கிறது. தெரு நீளத்துக்குத் தறி நூலைப் பாவாக நீட்டுகிற இடத்தில் மரம் வேண்டாம் என்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா? எதைத்தான் கேட்டாய்! எனக்கு அது இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். உன் அம்மாதான், "கொயந்த வச்ச மரம். அது பட்டுப்போச்சுன்னா எனக்குச் சோறு எறங்காது" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வேளையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியாகிறது. யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்காதே.

பாவுக்குக் கஞ்சி போடும்போது நீ இழுத்துப் பிடித்த நூல் தலைப்பை இப்போது அம்மா பிடிக்கிறாள். தோள் வலி என்கிறாள். நம் வீட்டுப் பாவின் தலைப்பை வெளியாள் கையில் கொடுத்து வழக்கமில்லை. அது உனக்கும் தெரியும்.

மரத்துக்கு என்ன செய்யலாம் என்று மட்டும் எழுது.

காசிநாதன்

*

பிலாய்.
13-5-1968

அன்புள்ள அப்பாவுக்கு, செங்கமலம் அநேக நமஸ்காரம்.

இரண்டு வருஷம் கழித்து உங்கள் கையெழுத்து. கவரைப் பிரிக்காமலே கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்து வீட்டு அம்மாள் பயந்து ஓடி வந்துவிட்டார்.

மரத்துக்கு ஒன்றும் இல்லை அப்பா. வெயில் காலத்தில் அது அப்படித்தான் இலை கொட்டும். பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறையுங்கள். அடியில் தேங்கினால் வேர் அழுகிவிடும். காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டி, தூரில் கொஞ்சம் மக்கின சாணம் போடுங்கள். ஆடி பிறந்தால் தானே துளிர்க்கும்.

கூரத்தில் சித்தி வீட்டிலிருந்து அந்தக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் திட்டிக்கொண்டே மூங்கில் குச்சி நட்டு அதற்கு வேலி கட்டினீர்கள். ஆடு வந்தால் என்னைவிட வேகமாக ஓடினதும் நீங்கள்தான். நான் கிளம்பும்போது என் இடுப்புயரம் இருந்தது. ஒரு பூகூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அவர் உங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னார்.

உங்கள் மகள்,
செங்கமலம்

*

பிள்ளையார்பாளையம்.
11-9-1968

செங்கமலத்துக்கு,

நீ சொன்னபடியே துளிர்த்தது, வளர்ந்தது, இப்போது பூத்தும் விட்டது. ராத்திரியானால் தறிக்குழி வரைக்கும் வாசனை வருகிறது. வினையும் அதனால்தான் வந்தது.

நேற்று முனிரத்தினத்தின் வெள்ளைப் பாவு கஞ்சி ஈரத்தோடு நம் வாசல் வரை நீண்டிருந்தது. விடிகிற நேரம். இந்த மரம் அப்போதுதான் பூவை உதிர்க்கும் என்று யார் கண்டது? பொலபொலவென்று கொட்டி, ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் காம்பு பட்ட இடமெல்லாம் காவிக் கறை. வெள்ளைப் பட்டில்! தெருவே கூடிவிட்டது. "இன்னா காசி, பாவு போடற தெருவுல இது இன்னாத்துக்குபா? வெட்டிப் போடு" என்றார்கள். கறை பட்ட பாவை நான் வைத்துக்கொண்டு, என் பாவை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். மரத்தையும் வெட்டிவிடுகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. நியாயம் அவர்கள் பக்கம்தான்.

உன்னைக் கேட்காமல் அரிவாளை எடுக்கக் கூடாது என்று அம்மா பிடிவாதம். அதனால் எழுதுகிறேன். கூரத்துச் சித்தி வீட்டு மரத்திலிருந்து அவள் கொஞ்சம் விதை சேர்த்து வைத்திருந்தாள். இத்துடன் இருக்கிறது.

காசிநாதன்

*

பிலாய்.
26-9-1968

அன்புள்ள அப்பாவுக்கு,

வெட்டிவிடுங்கள். எனக்காக நீங்கள் தெருவோடு பகைக்க வேண்டாம். ஒரு தடவை ஏற்கனவே எல்லோர் முன்னாலும் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன்.

அம்மா அனுப்பிய விதைகளைக் குவார்ட்டர்ஸ் வாசலில் போட்டிருக்கிறேன். இங்கே இந்த மரத்தை ஹர்சிங்கார் என்கிறார்கள். அவர்தான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தண்ணீர் தெளிக்கிறார்.

அப்பா, கார்த்திகையில் எங்களுக்கு லீவு கிடைக்கும். அவரும் வரலாமா? உங்கள் கடிதம் ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. தறி தெரியாத வீட்டுப் பிள்ளை, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், எல்லாம் சரிதான். ஆனால் அவர் என் வீட்டுக்காரர். ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது எங்கள் தலையில் அட்சதை போட ஒருவரும் இல்லை. அதை நான் குறையாகச் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். என்னை மட்டும் வரச்சொல்லி எழுதினால் நான் வரமாட்டேன். இன்னொரு முறை கேட்கவும் மாட்டேன்.

செங்கமலம்

*

பிள்ளையார்பாளையம்.
20-10-1968

சௌபாக்கியவதி செங்கமலத்துக்கும் மாப்பிள்ளை தேவசகாயத்துக்கும் அப்பாவின் ஆசீர்வாதம்.

மரத்தை வெட்டவில்லை. அரிவாளோடு போனேன், உண்மைதான். கிளையெல்லாம் மொட்டு. சும்மா நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். முனிரத்தினத்திடம், "வெட்டறதுக்கு மனசு வரலபா. பூ கொட்டற மாசத்துல உங்க பாவை அந்தாண்ட நீட்டிக்கங்க. இந்த வாசல்ல என் பாவு மட்டும் இருக்கட்டும்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "பொண்ணு மேல கோவம்னு சொல்லிக்கினு மரத்துக்குக் காவல் காக்கறியே காசி" என்றான். சொல்லிவிட்டுப் போகட்டும். பெற்றவனுக்குத் தெரியும். உன்னைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லையம்மா.

இப்போது நான் பாவு நீட்டும்போதெல்லாம் கிளைக்கு அடியில் பழைய வேட்டியைக் கட்டிப் பூவைத் தாங்கிக்கொள்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். கார்த்திகையில் நம் வீட்டுப் பாவு ஒன்று தெருவுக்கு வருகிறது. அம்மாவால் இனி நிற்க முடியாது. தலைப்பை மாப்பிள்ளை பிடிக்கட்டும். மரத்தடியில்தான் நிற்க வேண்டியிருக்கும், நீயும் பக்கத்தில் நில். அன்றைக்கு வேட்டி கட்டப்போவதில்லை. நான் போடாத அட்சதையை உன் மரம் போடட்டும். பாவு கறைபட்டால் என்ன, நம்முடையதுதானே.

ஒன்று மட்டும். தலையில் பூ விழுகிறதே என்று அவர் தட்டிவிடக் கையை எடுத்தால் பாவு முழுக்கச் சிக்கிவிடும். இப்போதே சொல்லி வை.

உன் அப்பா,
காசிநாதன்