மாத்திரையை நிறுத்திய மாமாவுக்கு

என் அன்பு மாமா,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. அக்கா அழுகிறாள். எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தேயிலை விலை விழுந்து, நீங்கள் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக இருந்த ஃபேக்டரியைப் பூட்டியதும், நல்ல கிருமிகளை அடைத்த புரோபயாட்டிக் கேப்சூல் டப்பா விற்கக் கிளம்பினீர்கள். தப்பில்லை. கோத்தகிரியில் அப்போது யார்தான் வேறு வேலை தேடவில்லை? “மாப்ளே, உன்ற லேப்ல கிருமியைக் கொல்றீங்க. நான் உசுரோட வெச்சு விக்கறேன்” என்று கண்ணடித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கிருமிகள் முழுப் பொய்யில்லை. சில வகைகள் கெட்ட கொழுப்பைக் கொஞ்சம் இறக்கக்கூடும். அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த உங்கள் இதயத்துக்கு அந்தக் கொஞ்சம் போதாது. டாக்டர் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையோடு அந்தக் கேப்சூலையும் மூன்று மாதம் விழுங்கிவிட்டு என் லேபில் ரத்தம் கொடுத்தீர்கள். கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. இறக்கியது எது என்று நீங்கள் கேட்கவில்லை. “நார்மல். கிளம்புங்க மாமா, ஆள் நிக்குது” என்று அனுப்பிவிட்டேன்.

அன்றோடு மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள். நீங்கள் போனபின் அலமாரியைத் திறந்தால், பிரிக்காத அட்டைகள். அதனால்தான் இறந்தீர்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நிறுத்தியிருக்கக் கூடாது என்று சத்தியம் செய்வேன்.

உங்களிடம் வாங்கியவர்களிடம் சொல்லப் போகிறேன் என்றதும் அக்கா வாசலை மறித்தாள்.

“ஏன்டா, செத்த மனுசனைப் பொய்யன்னு ஊரெல்லாம் சொல்லோணுமா?”

“அவரை நம்பி இன்னொருத்தர் சாகோணுமா?” கத்திவிட்டேன். என் வாயை அடைக்கத்தான் அவளும் கூடவே வந்தாள்.

அரவேணு ஊரில் சரோஜா டீச்சர் உங்கள் டப்பாவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கொலஸ்ட்ரால் மாத்திரை எங்கே என்றேன்.

“அதை உட்டாச்சுங்க தம்பி. உங்க மாமா ரிப்போர்ட்டையே காட்டினாருங்களே. கீழ உங்க கையெழுத்துத்தானுங்க?”

லேமினேட் செய்து எடுத்துப் போனீர்களாமே, மாமா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அக்காதான் பேசினாள். “எங்க ஊட்டுக்காரரு பொய் சொல்லலீங்க டீச்சர். தப்பா நெனச்சுட்டாருங்க. மாத்திரையையும் சேத்துத் தின்னுட்டிருந்தப்ப எடுத்த ரிப்போர்ட்டுங்க அது. நாளைக்கே டாக்டரைப் பாருங்க.”

அடுத்த ஐந்து வீடுகளிலும் அவளே பேசினாள். பாக்கி ஒருவர்தான்: குந்தா மின்நிலையக் குடியிருப்பில் இருக்கும் உங்கள் சிநேகிதர் ராஜன். அவருக்கும் ஸ்டென்ட். மாத்திரையை விட்டுவிட்டார், படியேறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவருடைய பக்கத்து வீட்டார் போனில் சொன்னார்கள். நேற்று அவருக்கே போன் செய்தேன். “டேய், எனக்கு உன்ற மாமன் சொன்னதே போதும். நீ பெரிய டாக்டரா?” என்று வைத்துவிட்டார். இன்று எடுக்கவே இல்லை.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில், குந்தா வழியே போகும் மஞ்சூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம். அக்கா மூன்றாவது முறையாக நேரம் கேட்கிறாள்.

அவர் கதவைத் திறக்கும்வரை நகர மாட்டேன் மாமா. என்னைத் திட்டினால் திட்டட்டும், திருப்பிப் பேச மாட்டேன். ஆனால் அவரை ஆஸ்பத்திரியில் உட்காரவைக்காமல் இந்த மலை ஏறித் திரும்ப மாட்டேன்.

உங்களுக்குப் பெண் கொடுத்த வீட்டின் கடைசிப் பையன்,
மச்சினன் செந்தில்