பாஸ்போர்ட்டுக்கு ஒரு படம்

திருத்தணி,
12.8.1979

அன்புள்ள கமலாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு பள்ளிப்பட்டுக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து, ஸ்டுடியோவுக்கு வரும் மொட்டைக் குழந்தைகள் என்னைப் பார்த்து அழுகின்றன.

எங்கள் புகைப்படக்காரர் சங்கத்தில் எட்டுப் பேர் சேர்ந்து சிங்கப்பூர் புகைப்படப் பயிற்சிக்குப் போக, உன்னைக் கேட்காமல் முன்பணம் கட்டியதில்தான் உனக்குக் கோபம் என்று நினைத்திருந்தேன்.

நேற்று சங்கச் செயலாளர் ஜம்புலிங்கம் வந்தார். “தேர்வுக்கு நீங்க அனுப்புன பத்துப் படத்துல இந்த நாலு படத்தத்தான் எல்லாரும் பாத்துகினே இருந்தாங்க. அதுலதான் உங்களுக்கு எடம் கெடச்சுது” என்றார். நாலும் நான் வெளியூர் போயிருந்தபோது நீ எடுத்து, நான் என் பெயரில் அனுப்பியவை. சிரித்து வைத்தேன்.

இன்று காலை அவர் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன். பட்டியலில் என் பெயரை அடித்து உன் பெயரை எழுதிவிட்டார்.

பாஸ்போர்ட்டுக்கு உன் படம் வேண்டுமாம். வீடெல்லாம் தேடினேன். கல்யாணத்துக்குப் பிறகு உன்னை நான் ஒரு படம்கூட எடுத்ததில்லை.

திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்