தவக்காலத்தில் வந்த கல்யாணப் பத்திரிகை

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாட்ஸப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை. தெரியாத நம்பர். தேதி மார்ச் இருபது. ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம்; இதில் எந்தப் பங்குச் சாமியார் கல்யாணம் செய்துவைப்பார்? பெயரையாவது பார்ப்போம் என்று தட்டினேன். ஏதோ இன்ஸ்டால் ஆனது. பத்திரிகையைக் காணோம்.

மார்ச் 17

அது என் போனிலிருந்து எல்லோருக்கும் போயிருக்கிறது. இப்போது எனக்குத்தான் கல்யாணமாம். பாக்கியமேரி அக்கா போனில் அழுகிறாள்: "தவக்காலத்துலயே கட்டுற அளவுக்கு என்னடா ஆசீர் அவசரம்?"

முப்பத்தாறு வயதாகிறது எனக்கு. அவசரமாம்!

ஸ்கூலில் அனிஷா டீச்சர் என் முகத்தைப் பார்க்காமலே வாழ்த்துச் சொன்னார். மூன்று வருடமாக அவரிடம் ஒன்று சொல்ல நினைத்து, சாக்பீஸ் மட்டுமே கேட்டிருக்கிறேன். போச்சு, எல்லாம் போச்சு.

மார்ச் 18

அக்கா சொல்லக் கேட்டு, மணப்பாறையிலிருந்து தைரியராஜ் மாமா பட்டு வேட்டியில் முறுக்கு டின்னோடு வந்து இறங்கிவிட்டார். அவருக்குப் போனில் எதையும் திறக்கத் தெரியாது. அதனால் அவர் போன் மட்டும் தப்பித்தது.

மார்ச் 19

கல்யாணமே இல்லை, வைரஸ் என்று ஸ்டாஃப் ரூமில் கத்தியே சொல்லிவிட்டேன். அனிஷாதான் கம்ப்யூட்டர் டீச்சர்; போனை வாங்கிச் சுத்தம் செய்தார். கூடவே பாடமும். நல்லது போல வேஷம் போட்டு நுழைந்தால் ட்ரோஜன். தானே ஊரெல்லாம் பரவினால் வொர்ம். ஒளிந்து வேவு பார்த்தால் ஸ்பைவேர். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணயத் தொகை கேட்டால் ரான்சம்வேர்.

எனக்கு உடனே புரிந்தது. முறுக்கோடு வந்து மாதக் கணக்கில் தங்கும் மாமா, கேட்ட சேதியைத் தெருவெல்லாம் சேர்க்கும் அக்கா, ஜன்னல் திரையை விலக்கும் எதிர்வீட்டு சுபலட்சுமி, லெக் பீஸ் வராமல் குடும்ப போட்டோவுக்கு நிற்காத மச்சான்.

மார்ச் 20

இன்று என் கல்யாணம். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன்.

மார்ச் 21

அனிஷா தன் போனையும் அழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இவருமா? எல்லாம் தெரிந்த நீங்களே ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"பொண்ணு யாருன்னு பார்க்கணும்போல இருந்துச்சு சார்."

இன்று சாக்பீஸ் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 24

காலையில் எல்லோருக்கும் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினேன். சூடு கண்ட பூனைகள், ஒருவரும் திறக்கவில்லை. அக்கா என் நம்பரையே பிளாக் செய்துவிட்டாள். நாளை அச்சடித்த பத்திரிகையோடு மணப்பாறை பஸ் ஏற வேண்டும்.

அனிஷா மட்டும் உடனே திறந்தாளாம். பொண்ணு யாருன்னு பார்க்க.