பதினேழாம் நம்பர் படம்

3 செப்டம்பர் 2025, புதன்

மாட்டிக்கொண்டேன். நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ பலகைக்குக் கீழே ‘முடியாவிட்டால் எல்லாருக்கும் கேட்கும்படி பேசவும்’ என்று ஒட்டியது நான்தான் என்று தெரிந்துவிட்டது. என் கோழிக்கிறுக்கல் ஊருக்கே தெரியும்.

நூலகர் பேட்ரிசியா மேடம் திட்டவில்லை. ஒரு அட்டைப்பெட்டியைத் தள்ளினார். உள்ளே இருபத்துநாலு பென்டிரைவ். நாட்டின் பலவகை மனிதர்களைப் பற்றிய ஆவணப்படங்களாம், கல்லூரிக்குப் புதுசு.

“எழுதத்தான ஆசை, லின்சி? ஒவ்வொரு படத்துக்கும் நாலு வரி எழுது. கார்டுல போட்டு ஷெல்ஃப்ல வைக்கணும். பாத்துட்டு எழுதணும், புரியுதா?”

டாக்குமெண்டரியாம். எனக்கு இது டாக்குமெண்ட் அரியர்.

5 செப்டம்பர், வெள்ளி

முடித்தாயிற்று! எல்லாவற்றையும் ஓட்டி ஓட்டி, படத்துக்கு மூன்று நிமிடம் பார்த்தேன். அது போதாதா? பதினேழாம் நம்பர்தான் என் உச்சம்:

‘பச்சைமலைச் சிறுமி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். அவள் அம்மா கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடுகிறார், புத்திசாலி. ஐம்பது நிமிடம் ஆனாலும் பஸ் வராது. நீங்களும் காத்திருக்க வேண்டாம்.’

மேடம் மீட்டிங் அவசரத்தில் படிக்காமலே கார்டுகளை அடுக்கச் சொல்லிவிட்டார்.

9 செப்டம்பர், செவ்வாய்

நூலக வகுப்பு. டோமினிக் என் கார்டை கண்டக்டர் குரலில் வாசித்தான். அந்தப் படத்தையே பெரிய திரையில் போட்டார்கள். அந்த அம்மா மூட்டையோடு மேடு ஏற, “ரைட், போலாம்!” என்று கிளாஸே கத்தியது. நானும்தான். நான்தான் முதலில்.

மூன்றாம் பெஞ்சில் பிரேமலதா எழுந்து வெளியே போனாள். திரையில் இருந்த சிறுமியின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எழுந்து போனவளுக்கும்.

10 செப்டம்பர்

அவள் வரவில்லை. மூணு மாசமா ஒரே கிளாஸ் — அந்தத் தழும்பைத் தவிர அவளைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?

12 செப்டம்பர், வெள்ளி

படத்தை எடுத்துவிடச் சொல்லி பிரேமலதா கடிதம் கொடுத்திருக்கிறாளாம். மாதக் கடைசியில் நூலகக் கமிட்டி முடிவு செய்யும். “நீயே போய்ப் பேசு” என்றார் மேடம்.

ஸ்ரீரங்கத்தில் அவள் விடுதி. பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோது, கீழே தண்ணீர்தான் ஓடுகிறதா, பாலம்தான் பின்னால் போகிறதா என்றே தெரியவில்லை. அப்படியே போய்க்கொண்டே இருந்தால் தேவலை, இறங்கவே வேண்டாம் என்றிருந்தது.

வாசலுக்கு வந்தாள்.

“ஸாரி. தெரியாம எழுதிட்டேன்.”

“தெரியாம இல்ல. பாக்காம எழுதிட்ட. என்னைப் பாத்துச் சிரிச்சிருந்தா நானும் சேந்து சிரிச்சிருப்பேன். எங்கம்மா நடக்கறதுக்குல்ல சிரிச்சீங்க.”

கேட்டுக் கம்பிகளை எண்ணினேன். பதினொன்று!

“அந்தப் படம் அங்க இருக்க வேணாம் லின்சி. நீ கிளம்பு, கேட்டைச் சாத்திடுவாங்க.”

15 செப்டம்பர், திங்கள்

முழுசாகப் பார்த்தேன். தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு.

முதல் பத்து நிமிடம் பனி மட்டும்தான். அதற்குள்ளிருந்து ஒரு சேவல் குரல், பிறகு ஒரு கை, பிறகு அவள் அம்மா. நடக்கிறார், நடக்கிறார், மூட்டை மட்டும் பனிக்கு மேலே தனியாக மிதந்து போகிறது. யாரும் பேசவில்லை. நான் மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன். நடுவே ஒன்பது வயது பிரேமலதா பாறைகளைக் காட்டிப் பெயர் சொல்கிறாள்: தூங்குமூஞ்சி, பெரியப்பா மூக்கு, தோசை திருப்பி. படம் எடுத்தவர்கள் பயபக்தியோடு அதையெல்லாம் எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கைலாசபுரம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது தொழிற்சாலைப் புகைபோக்கி எல்லாம் பனிக்குள் நிற்பதுபோல் இருந்தது. ஸ்டாப்பைத் தவறவிட்டுத் திரும்பி நடந்தேன். அப்பாவின் டிபன் கேரியரைக்கூட மூட்டை என்று நினைத்தேன். பைத்தியமா எனக்கு?

19 செப்டம்பர், வெள்ளி

வகுப்புக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகரவில்லை, திரும்பவும் இல்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பாறைக்கெல்லாம் நெசமாவே அதான் பேரா?”

நோட்டை மூடி வைத்தாள்: “காலையிலேர்ந்து பேர் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நானும் வச்சுக்கிட்டே இருந்தேன்.”

அடிப்பாவி! நான் ஒரு போர்டில்தான் கைவரிசை காட்டினேன், இவள் ஒரு மலை முழுக்க!

சிரித்து முடித்ததும் கேட்டேன்: “அம்மா பாத்தாங்களா படத்தை?”

“எங்க? எடுத்தாங்க, போயிட்டாங்க. எங்க ஊர்ல ஒருத்தரும் பாக்கல. நானே அன்னிக்கு உங்ககூடத்தான் முதல்தடவை பாத்தேன்.”

22 செப்டம்பர், திங்கள்

பழைய கார்டைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதி அவளிடம் நீட்டினேன்:

‘பனியில் ஒரு தாய் சந்தைக்கு நடக்கிறார். அவர் மகள் பாறைகளுக்குப் பெயர் வைக்கிறாள். பாவமாக வாழும் ஏழைகளின் கதை. அவசரமில்லாமல் பாருங்கள்.’

ஒரு வரியை மட்டும் அடித்தாள், ‘பாவமாக’ இருந்த வரியை. கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

30 செப்டம்பர், செவ்வாய்

ஆயுதபூஜை லீவுக்கு முன் கடைசி நாள். கமிட்டியும் இன்றுதான். ஷெல்ஃபில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவே காலி. கார்டும் இல்லை. எடுத்துட்டாங்க. அவ்ளோதான். அந்த இடைவெளியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

“என்ன அப்படி நிக்கறே?” என்ற மேடம் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “காலையில லெட்டரைத் திருப்பி வாங்கிக்கிட்டா. கையோட பென்டிரைவையும் கார்டையும் எடுத்துக்கிட்டு ஊருக்குக் கிளம்பிட்டா.”

கடைசி வரி: பதினேழு. பிரேமலதா. திருப்பித் தரும் தேதி என்ற கட்டத்தில் தேதி இல்லை. ‘எல்லாரும் பார்த்து முடித்ததும்’ என்று எழுதியிருந்தாள்.

மேடம் அதன்மேலேயே சீல் குத்தியிருந்தார்.