உன் பெட்டிக்குள் உன் அம்மாவின் தலையணை

டேய் மாப்பிள்ளை,

இன்றைக்குக் காலையில் உன் ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். பின்பலகையைச் சரியாக மூடாமல் விட்டிருந்தேன் போல. ஒரு கொத்து இலவம் பஞ்சு எழும்பி நேராக என் மூக்கில் ஏறிக்கொண்டது. அடுக்குத் தும்மல். எங்கள் அம்மா சமையலறையிலிருந்தே சுக்குக் காபி வேண்டுமா என்று கேட்கிற அளவுக்குத் தும்மல். மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தவன் நீ. தும்முகிறவன் நான். இது எந்த ஊர் நியாயம்?

இப்படிப் பேசக் கூடாதாம். போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தைதான் சொல்ல வேண்டுமாம். கல்லூரியில் உனக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேடையில் உன்னை "அமைதியான மாணவர்" என்றார்கள். பின்வரிசை மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது; துக்கத்தால் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நீ காரில் வந்து இறங்கிய அன்றைக்கு வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டு, சத்தத்தை நிறுத்தினால்தான் கேட்டைத் திறப்பேன் என்றது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. நீ செத்தும் எங்களை மாட்டவைக்கிறாய்.

உன் அப்பாவின் அந்தப் பழைய வெள்ளைக் காருக்கு வாய் என்று ஒன்று வந்ததே நம்மால்தான். தறிக்கு நூல் கோன் ஏற்றி ஏற்றிப் பின்சீட்டு படுத்துப்போன கார். கதவில் இருந்த ஸ்பீக்கர்கள் நீ ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே மண்டையைப் போட்டிருந்தன. பிளைவுட்டை அறுத்துப் பெட்டி செய்தோம். முட்டை வடிவ ஸ்பீக்கர் இரண்டைப் பொருத்தி, காற்று போய்வரக் குழாய் வைத்து ஒரு துளையும் விட்டோம். பின்சீட்டுக்குப் பின்னால் தூக்கிவைத்துப் போட்டுப் பார்த்தால், தகர டப்பாவுக்குள் தவளை.

நீ போனில் எதையோ தேடிப் படித்துவிட்டுச் சொன்னாய்: "பொட்டி சின்னது மாப்ள, அதான். உள்ள பஞ்சு வெச்சா அது தன்னையப் பெருசுன்னு நெனச்சுக்குமாம்."

"உங்க பெரியப்பா மாதிரியா?" என்றேன்.

நீ ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாய். ஆனால் நீ படித்தது சரிதான். பெட்டிக்குள் சத்தம் பலகைக்குப் பலகை மோதித் திரும்புவது பஞ்சில் அடங்கிப்போகும். பெட்டியின் அளவு கூடியதைப் போல அடித்தொண்டையிலிருந்து ஒலி வரும். அதற்கென்றே பாலியஸ்டர் பஞ்சு விற்கிறது என்றும் அதில் போட்டிருந்தது. பல்லடத்தில் பிறந்தவன் பஞ்சைக் கடையில் போய் வாங்குவதா என்று நமக்கு ரோஷம் வந்துவிட்டது. உங்கள் தறிக்குடோன் மூலையில் கூட்டிக் குவித்திருந்த பஞ்சுத் தூசியைச் சாக்கில் அள்ளிவந்து, குழாய்த் துளை வரைக்கும் அமுக்கி அடைத்தோம்.

அதற்கடுத்த முகூர்த்தத்தில் தாராபுரத்தில் உங்கள் சொந்தத்தில் கல்யாணம். பின்சீட்டில் உன் பெரியப்பா, அன்று காலையில்தான் தலைக்கும் மீசைக்கும் மை அடித்து, மடிப்புக் கலையாத வேட்டியில் உட்கார்ந்திருந்தார். நீ பாட்டைப் போட்டாய். முதல் அடி விழுந்ததுதான் தாமதம், குழாய் வழியாக உங்கள் குடோன் மொத்தமும் அவர் பிடரியில் வந்து இறங்கியது. துடைக்கத் துடைக்க மையில் ஒட்டிக்கொண்டது. மண்டபத்தில் இறங்கும்போது அவர் மணப்பெண்ணின் தாத்தாவைவிட நரைத்திருந்தார். வரவேற்பில் நின்ற பெண் அவரிடம் சந்தனத்தை நீட்டுவதா, சீப்பை நீட்டுவதா என்று தயங்கியதை நீ எத்தனை பேரிடம் நடித்துக் காட்டியிருப்பாய். அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கும் அவருக்கும் பகை.

தூசி சரிப்படாது, கொஞ்சம் நல்ல பஞ்சாக வேண்டும் என்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து நாம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உன் அம்மா உள்ளே வந்தார். அவருக்குச் சத்தமே ஆகாது. நாள் முழுக்கத் தறிச் சத்தம், பொழுது சாய்ந்தால் உன் சத்தம். காதில் பஞ்சு வைப்பதை நினைத்துக்கொண்டு கேட்டார்.

"பஞ்சு வெச்சா சத்தம் கொறையுமா கண்ணு?"

நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பாதியாக் கொறையும்மா" என்றாய்.

அவர் உள்ளே போய்த் தன் தலையணையை எடுத்துவந்து, வெளியே வாசலில் உட்கார்ந்து, தையலைப் பிரித்துக் கொடுத்தார். கல்யாணச் சீரோடு வந்த இலவம் பஞ்சுத் தலையணை. தலைக்கு ஒரு சீலையை மடித்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். இந்தத் தடவை குழாயை அடைக்காமல், பலகைகளின் ஓரமாக மட்டும் பஞ்சைப் பரப்பி, அது பறக்காமல் மேலே பனியன் துணியை ஒட்டினோம். பெட்டி குரல் உடைந்து ஆண்பிள்ளை ஆனது. நீ தெருமுனை திரும்பும்போதே ஜன்னல் கண்ணாடிகள் முனகும். உன் அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம், இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார். நாம் காருக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

ஆனால் பஞ்சில் கொட்டை எடுத்திருக்கவில்லை. சத்தம் ஏற ஏற இலவங்கொட்டைகள் பலகையில் தட்டின. ஒவ்வொரு பாட்டுக்கும் யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு துணைச் சத்தம். கடைசியில் ரோஷத்தைத் துறந்து, கோயம்புத்தூர் போய்ப் பாலியஸ்டர் வாங்குவது என்று முடிவானது. நீ பெட்டியைக் கழற்றி என் வீட்டில் போட்டுவிட்டு, காலி வாயோடு காரை ஓட்டிக்கொண்டு போனாய்.

மறுநாள் உன் அப்பா உன்னை, பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லுக்கு அனுப்பினார். மெயின் ரோட்டுப் பிரிவில் வலது பக்கம் திரும்பியிருக்கிறாய். பின்னால் லாரி வந்திருக்கிறது. இதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன்.

எழவு வீட்டில் உன் பெரியப்பா பந்தலுக்கு நடுவே நாற்காலி போட்டுத் தீர்ப்பு சொன்னார். வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார்.

"லாரிக்காரன் தொண்டை கிழிய ஹாரன் அடிச்சிருக்கறானுங்க. கார்ல கச்சேரி வெச்சுட்டுப் போனா எங்கீங்க கேக்கும்?"

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். கார் செட் மாட்டுகிற கடைக்காரர் ஒருவர் துக்கத்துக்கு வந்திருந்தார். பெட்டிக்குள் பஞ்சு வைத்தால் சத்தம் குறையுமா கூடுமா என்று பெரியப்பா அவரைக் கேட்டார். கூடித்தான் போகும், ஆழமாகக் கேட்கும் என்று அந்த மனிதர் தொழில் சுத்தமாகப் பதில் சொன்னார். ஜன்னலுக்கு உள்பக்கம் உன் அம்மா இருந்தார்.

அன்றிலிருந்து அவர் தலைக்கு மடித்த சீலைகூட வைத்துக்கொள்வதில்லை. வெறும் சிமெண்ட் தரையில் தலையைப் போட்டுப் படுக்கிறார் என்று எங்கள் அம்மா வந்து சொன்னார். நான் கொடுத்த பஞ்சுதான் எம் பையன் காதை அடைத்துவிட்டது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம்.

நான் அன்றைக்கே, பந்தலிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: காரில் பெட்டியே இல்லை, அது என் வீட்டில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. ஒருத்தரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? நீ செமஸ்டரில் முதல் மார்க் என்று உங்கள் வீட்டில் நானே புளுகி, உன் அம்மா தெருவுக்கே தேங்காய் பன் கொடுத்தபிறகு, உன் அரியர் லிஸ்ட்டை நீட்டியவன் நான். பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்து, எழவு வீட்டிலும் விளையாட்டா என்று கேட்டார். அதையாவது தாங்கிக்கொண்டேன். உன் அம்மாவிடம் தனியாகப் போய்ச் சொன்னபோது அவர் என் கையைத் தடவிக்கொடுத்தார்.

"எனக்கோசரம் சொல்ற கண்ணு. இருக்கட்டும் சாமி."

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உண்மையைச் சொன்னேன். அதற்கும் நல்ல பொய் என்று பாராட்டு வாங்கினேன்.

காரியம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், பெட்டியை மொபெட்டின் முன்னால் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, கயிறு போட்டுக் கட்டி உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தறிகள் நின்றிருந்தன. உன் அப்பா குடோனுக்குள் ஏதோ செய்வதுபோல நின்றுகொண்டிருந்தார். உன் பெரியப்பா கூடத்தில் பேப்பரோடு இருந்தார். பெட்டியை உன் அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். காரின் பின்பக்கம் என்ன ஆனது என்பதை அவர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பார்த்திருக்கிறார். பெட்டியில் ஒரு கீறல் இல்லை.

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். பிரித்திருந்த பின்பலகை வழியாகக் கையை விட்டு, துணியை விலக்கி, தன் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கொட்டை விரலில் அகப்பட்டது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நம்பிவிட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை மாப்பிள்ளை, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தாராபுரத்தில் பஞ்சு விழுந்தபோது இருந்ததைவிட அவர் முகம் வெளுத்திருந்தது. இன்னும் நன்றாக வெளுக்கட்டும் என்று நின்றேன்.

அப்போதுதான் உன் அம்மா கேட்டார்.

"அப்ப கார்ல பாட்டே இல்லீல்ல கண்ணு. அவனுக்கு ஹாரன் கேட்டிருக்குமல்ல?"

நான் நினைத்தே பார்க்காத கேள்வி. பழியைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று நின்றவன், அந்த இடத்தில் என்ன கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சத்தமில்லாத காருக்குள் நீ. பின்னால் அந்த ஹாரன். கேட்டிருப்பாய். கண்ணாடியில் பார்த்திருப்பாய். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் கொட்டையோடு.

உன்னைப் போலவே கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன்.

"லாரிக்காரன் ஹாரனே அடிக்கலீங்கம்மா."

என் பேச்சு எவ்வளவு செல்லும் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா மெதுவாகத் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். தொண்டை கிழிய அடித்தான் என்று பந்தல் முழுக்கச் சொன்ன மனிதர். பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆமா அம்மணி" என்றார். "அடிக்கலயாமா. நாந்தான் விசாரிக்காமப் பேசிப்போட்டேன்."

உன் அம்மா ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து போய்ச் சோறு போட்டார். நானும் உன் பெரியப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பெட்டியை நீயே வைத்துக்கொள் கண்ணு என்று உன் அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது கடைவீதியில் எதிரே வந்தால் அந்த ஆள் எனக்குத் தலையசைக்கிறார். நான் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன், ஒன்றையும் இரண்டு நாளைக்குமேல் காப்பாற்றியதில்லை. சிரிப்பு வந்து நானே உடைத்துவிடுவேன். இதை மட்டும் உன் அம்மா இருக்கிறவரைக்கும் உடையாமல் சுமக்க வேண்டும், அதுவும் உன் பெரியப்பாவோடு கூட்டு சேர்ந்து. இதற்காகவே உன்னை இன்னொரு தடவை கொல்லலாம் போலிருக்கிறது.

உனக்கு ஹாரன் கேட்டதா இல்லையா என்பது உனக்குத்தான் தெரியும். என்னிடம்கூடச் சொல்லாதே. உன் அம்மாவின் கனவில் என்றைக்காவது போனால், அவர் கட்டாயம் கேட்பார். அடிக்கவில்லை என்று சொல். கண்ணைச் சிமிட்டாமல் சொல்.